ஒற்றைப் படிக்கட்டு அடுக்ககம்

ஒற்றைப் படிக்கட்டு அடுக்ககம் என்பது, எல்லா வீடுகளிலிருந்தும் வெளியேற ஒரே ஒரு மாடிப்படியை மட்டும் கொண்ட சிறிய அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்டடம் ஆகும். பொதுவாக ஒவ்வொரு தளத்திலும் இரண்டு முதல் நான்கு வீடுகள் இந்தப் படிக்கட்டைச் சுற்றி அமைந்திருக்கும். லிஃப்ட் இருந்தாலும் அது தீ விபத்தின்போது வெளியேறும் வழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. எனவே இத்தகைய கட்டடத்தில் குடியிருப்போர் அனைவரின் பாதுகாப்பும் அந்த ஒரு படிக்கட்டையே சார்ந்திருக்கிறது.

ஐரோப்பிய நகரங்களிலும் இந்திய நகரங்களிலும் இவ்வகைக் கட்டடங்கள் சாதாரணமானவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று தளங்களுக்கு மேல் இவை நெடுங்காலமாக அனுமதிக்கப்படவில்லை. அண்மை ஆண்டுகளில் அந்நாடுகளில் இவ்விதி தளர்த்தப்பட்டு வருகிறது. அதே காலத்தில் இங்கிலாந்து எதிர்த்திசையில் சென்று, உயரமான குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு போக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு படிக்கட்டு எப்போது போதும், எப்போது போதாது என்பது விளங்கும்.

அமைப்பு

அடுக்ககங்களின் தள அமைப்பை இரண்டு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் கட்டடத்தின் நடுவே ஒரு நீண்ட நடைக்கூடம் செல்லும். அதன் இருபுறமும் வீடுகள் வரிசையாக இருக்கும். நடைக்கூடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு படிக்கட்டு இருக்கும். பெரிய தங்கும் விடுதிகளில் நாம் காணும் அமைப்பு இதுதான். ஒரு படிக்கட்டுப் பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் ஓடலாம் என்பது இதன் நன்மை. ஆனால் மூலை வீடுகளைத் தவிர மற்ற வீடுகளுக்கு வெளிச்சுவர் ஒரு பக்கத்தில் மட்டுமே கிடைக்கும். சன்னல்கள் அனைத்தும் அந்த ஒரு பக்கத்திலேயே இருப்பதால் காற்று ஒரு புறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வழியில்லை. மூன்று படுக்கையறை கொண்ட வீட்டை இவ்வமைப்பில் வைப்பதும் கடினம். ஒவ்வோர் அறைக்கும் சன்னல் வேண்டுமானால் வீடு பக்கவாட்டில் மிக நீண்டுவிடும். ஆகவே இவற்றில் ஓரறை, ஈரறை வீடுகளே மிகுதி.

இரண்டாம் வகையில் படிக்கட்டும் லிஃப்டும் நடுவில் ஒரே இடத்தில் இருக்கும். அவற்றின் முன்னுள்ள சிறு முற்றத்திலிருந்து இரண்டு அல்லது நான்கு வீட்டுக் கதவுகள் திறக்கும். நீண்ட நடைக்கூடம் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு, சில வேளைகளில் மூன்று பக்கங்களில் வெளிச்சுவர் கிடைக்கும். எதிரெதிர்ச் சன்னல்கள் வழியே காற்று ஊடாடும். குறுகிய மனையிலும் இதைக் கட்ட முடியும். ஒற்றைப் படிக்கட்டு அடுக்ககம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இடக்கணக்கு

இரண்டாவது படிக்கட்டு எவ்வளவு இடம் எடுக்கும் என்பதை ஒரு எளிய கணக்கால் அறியலாம்.

ஒரு தளத்தின் உயரம் 3 மீட்டர் என்றும், ஒரு படியின் உயரம் 150 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். அப்படியானால் 20 படிகள் ஏற வேண்டும். நடுவில் ஒரு திருப்பம் வைத்து, பத்துப் பத்துப் படிகளாக இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். பத்துப் படிகள் ஏறுவதற்கு ஒன்பது மிதிபரப்புகள் தேவை. பத்தாவது படி திருப்பத் தளமாகவே அமைந்துவிடும். ஒரு மிதிபரப்பு 250 மில்லிமீட்டர் அகலம் எனில் ஒன்பதுக்கும் சேர்த்து 2.25 மீட்டர். இரு முனைகளிலும் 1.25 மீட்டர் திருப்பத் தளங்களைச் சேர்த்தால் நீளம் 4.75 மீட்டர். 1.25 மீட்டர் அகலமுள்ள இரண்டு படிவரிசைகளும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளியும் சேர்ந்து அகலம் 2.60 மீட்டர். ஆக, சுவர்களைச் சேர்க்காமலேயே ஒரு படிக்கட்டுக்கு ஒவ்வொரு தளத்திலும் ஏறத்தாழ 12.35 சதுர மீட்டர், அதாவது சுமார் 133 சதுர அடி தேவைப்படுகிறது.

இரண்டாவது படிக்கட்டு என்றால் இன்னொரு 12.35 சதுர மீட்டர் வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் பயனில்லை. ஒன்றைப் புகை சூழ்ந்தால் மற்றொன்றையும் சூழும். எனவே அவற்றை விலக்கி வைத்து நடைக்கூடத்தால் இணைக்க வேண்டும். 1.2 மீட்டர் அகலத்தில் 6 மீட்டர் நீள நடைக்கூடம் எனில் 7.2 சதுர மீட்டர். மொத்தம் 19.55 சதுர மீட்டர் ஆகிறது. தளப் பரப்பு 600 சதுர மீட்டராக உள்ள பெரிய கட்டடத்தில் இது பொருட்டல்ல. தளப் பரப்பு 120 சதுர மீட்டராக உள்ள சிறிய கட்டடத்திலோ இது ஆறில் ஒரு பங்கு. ஒரு படுக்கையறையும் சமையலறையும் சேர்ந்த இடம் ஒவ்வொரு தளத்திலும் போய்விடும். சிறு மனைகளில் இரட்டைப் படிக்கட்டு விதி, கட்டடத்தையே கட்ட முடியாததாக்கிவிடுகிறது என்று கட்டடக் கலைஞர்கள் கூறுவதன் காரணம் இதுதான்.

தடை நெரிசலா, புகையா?

ஒரு படிக்கட்டில் இத்தனை பேர் எப்படி இறங்குவார்கள் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் ஐயம். இதற்கும் கணக்கு உண்டு. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, படிக்கட்டின் கொள்ளளவைக் கணக்கிட ஒருவருக்கு 10 மில்லிமீட்டர் அகலம் என்ற அளவைப் பயன்படுத்துகிறது. அதன்படி 1.25 மீட்டர் அகலப் படிக்கட்டு 125 பேருக்குப் போதும். தளத்துக்கு நான்கு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் ஒரு தளத்தில் 20 பேர். ஐந்து மேல்தளங்களிலும் சேர்த்து 100 பேர்தான். சிறிய அடுக்ககத்தில் நெரிசல் பெரிய சிக்கல் அன்று.

உண்மையான சிக்கல் புகை. தீ விபத்துகளில் உயிரிழப்போரில் பெரும்பாலோர் நெருப்பில் கருகுவதற்கு முன்பே புகையை உள்ளிழுத்து மடிகின்றனர். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிடப் பன்மடங்கு இறுகப் பிணைந்து, உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செய்துவிடும். சூடான புகை எடை குறைந்தது, மேல்நோக்கிச் செல்வது. கீழிருந்து மேல்வரை ஒரே குழாய்போல் நிற்கும் படிக்கட்டு அதற்கு நல்ல புகைபோக்கி ஆகிவிடும். கீழ்த்தளத்தில் ஏற்பட்ட சிறு தீயின் புகை சில நிமிடங்களில் மேல்தளத்துக் கதவுகளை எட்டிவிடும். தீயில்லாத தளத்தில் இருப்பவரும் வெளியேறுவதாக எண்ணிப் புகைக்குள் இறங்குவார்.

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 19 தளங்கள் கொண்ட அடுக்ககம் ஒன்றில் நடந்த தீ விபத்து இதற்குச் சான்று. அறையைச் சூடேற்றும் மின்கருவி ஒன்றிலிருந்து தீ தோன்றியது. நெருப்பு அந்த வீட்டையும் அதன் வெளியே இருந்த நடைக்கூடத்தையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் தானாக மூடிக்கொள்ள வேண்டிய வீட்டுக் கதவு திறந்தே நின்றது. அதன் வழியே வெளியேறிய புகை கட்டடம் முழுவதும் பரவி 17 பேரின் உயிரைப் பறித்தது. அந்த ஒரு கதவு மூடியிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும்.

ஆகவே எத்தனை படிக்கட்டுகள் என்ற கேள்வியைவிட, இருக்கும் படிக்கட்டுக்குள் புகை நுழையாமல் காக்க என்ன செய்யப்பட்டிருக்கிறது என்ற கேள்வியே முதன்மையானது. இரண்டு படிக்கட்டு உள்ள கட்டடத்தில் ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஒரு படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தில் அது கெடவே கூடாது.

சியாட்டில் நகரின் நிபந்தனைகள்

அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகள் பின்பற்றும் மாதிரி விதித்தொகுப்பான சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, ஒற்றைப் படிக்கட்டு அடுக்ககங்களை மூன்று தளங்கள் வரை மட்டுமே அனுமதித்து வந்தது. தளத்துக்கு நான்கு வீடுகள் என்ற வரம்பும் அதில் உண்டு. அமெரிக்கர் தரைத்தளத்தையே முதல் தளமாக எண்ணுவர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். நம் வழக்கில் அது தரைத்தளமும் இரண்டு மாடிகளும்.

வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகரம் இதற்கு விதிவிலக்கு. அங்கு 1970களிலிருந்தே ஆறு தளங்கள் வரையிலான ஒற்றைப் படிக்கட்டு அடுக்ககங்களுக்கு இடம் உண்டு. ஆனால் அந்நகரம் அதைச் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு படிக்கட்டை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகப் பல நிபந்தனைகளைக் கேட்டுப் பெற்றது. அவற்றுள் முக்கியமானவை:

- ஒரு தளத்தில் நான்கு வீடுகளுக்கு மேல் கூடாது.
- கட்டடம் முழுவதும் ஸ்பிரிங்க்ளர் எனப்படும் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருக்க வேண்டும்.
- வீட்டு வாசலிலிருந்து படிக்கட்டுக் கதவு வரை 20 அடிக்கு மேல் நடக்க வேண்டியிருக்கக் கூடாது.
- வீட்டின் கடைக்கோடியிலிருந்து படிக்கட்டு வரையிலான மொத்தத் தொலைவு 125 அடியைத் தாண்டக் கூடாது.
- உட்புறப் படிக்கட்டு தீத்தடுப்புச் சுவர்களால் சூழப்பட்டு, புகை நுழையாதபடி பாதுகாக்கப்பட வேண்டும்.
- கடை போன்ற பிற பயன்பாடுகள் அந்தப் படிக்கட்டுக்குள் திறக்கக் கூடாது.

புகை நுழையாமல் காக்கும் முறைகளுள் ஒன்று காற்றழுத்தம். அபாய மணி ஒலித்தவுடன் ஒரு விசிறி படிக்கட்டுக் கூண்டுக்குள் வெளிக்காற்றைச் செலுத்தும். உள்ளே அழுத்தம் சற்று மிகுந்திருப்பதால் கதவைத் திறந்தால்கூடக் காற்று வெளியே செல்லுமே தவிரப் புகை உள்ளே வராது. இந்திய விதித்தொகுப்பு உயர்மாடிக் கட்டடப் படிக்கட்டுகளுக்கு இம்முறையில் 50 பாஸ்கல் அழுத்தத்தைக் குறிப்பிடுகிறது.

இந்நிபந்தனைகளைச் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் தருக்கம் புலப்படும். ஆட்கள் குறைவு, தொலைவு குறைவு, தீ வளருமுன் அணைக்க ஏற்பாடு, புகை புகாத படிக்கட்டு. இந்த நான்கும் ஒன்றுசேர்ந்துதான் இரண்டாவது படிக்கட்டின் இடத்தை நிரப்புகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட முடியாது.

ஜெர்மனியின் "இரண்டாவது வழி"

ஜெர்மனியில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு மீட்பு வழிகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆயினும் அங்கு ஒற்றைப் படிக்கட்டு அடுக்ககங்கள் ஏராளம். இரண்டாவது வழி படிக்கட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தீயணைப்புத் துறையின் ஏணி எட்டக்கூடிய சன்னலோ பால்கனியோ இருந்தால் போதும் என்பதே காரணம்.

தரையிலிருந்து சுமார் 8 மீட்டர் உயரத்திலுள்ள சன்னல் வரை வீரர்கள் கையால் சுமந்து செல்லும் ஏணி எட்டும். அதற்கு மேல் சுமார் 23 மீட்டர் வரை வண்டியில் பொருத்திய சுழலேணி வேண்டும். எனவே அந்த வண்டி வந்து நிற்க உறுதியான, தடையற்ற இடம் கட்டடத்தின் முன் ஒதுக்கப்பட வேண்டும். மேல்தளத்தின் தரைமட்டம் 22 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அங்கு ஏணியை நம்ப முடியாது. இரண்டு படிக்கட்டுகள் அல்லது புகையே நுழைய முடியாதபடி அமைந்த ஒரு பாதுகாப்புப் படிக்கட்டு கட்டாயம். வீட்டின் எந்த இடத்திலிருந்தும் படிக்கட்டு 35 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

ஒரு கட்டடத்தின் பாதுகாப்பு அதன் சுவர்களுக்குள் முடிந்துவிடுவதில்லை என்பது இதனால் தெரிகிறது. தெருவின் அகலம், தீயணைப்பு வண்டி வந்து சேரும் நேரம், ஏணியின் நீளம் ஆகியனவும் கட்டட வடிவமைப்பின் பகுதிகளே.

கிரென்ஃபெல் கோபுரம்

ஒற்றைப் படிக்கட்டின் அபாயத்தைப் பேசுவோர் முதலில் சுட்டுவது லண்டன் நகரின் கிரென்ஃபெல் கோபுரம். 24 தளங்கள் கொண்ட அக்குடியிருப்பில் ஒரே படிக்கட்டுதான் இருந்தது. 2017 ஜூன் 14 அதிகாலை, நான்காம் தளத்து வீடொன்றின் சமையலறையில் குளிர்பதனப் பெட்டியில் தீ தோன்றியது. கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் பொருத்தப்பட்டிருந்த பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடுகள் அத்தீயைக் கட்டடம் முழுவதற்கும் கொண்டு சென்றன. 72 பேர் உயிரிழந்தனர்.

அக்கட்டடத்தில் தீப்பிடித்தால், தீயுள்ள வீட்டைத் தவிர மற்றவர்கள் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு முறை. கான்கிரீட் சுவர்கள் தீயை ஒரு வீட்டுக்குள்ளேயே அடக்கிவைக்கும் என்ற நம்பிக்கையில் அமைந்த முறை அது. வெளிச்சுவரே எரியத் தொடங்கியபோது அந்நம்பிக்கை பொய்த்தது. முதல் அழைப்பு வந்தது இரவு 12.54 மணிக்கு. வெளியேறுங்கள் என்று அறிவுரை மாற்றப்பட்டது 2.47 மணிக்கு. அதற்குள் படிக்கட்டிலும் புகை புகுந்திருந்தது. பல வீட்டுக் கதவுகளில் தானாக மூடும் கருவிகள் பழுதாகியோ கழற்றப்பட்டோ இருந்ததைப் பின்னர் நடந்த பொது விசாரணை வெளிப்படுத்தியது.

இங்கிலாந்தின் வழிகாட்டு ஆவணம் அதுவரை அடுக்ககங்களின் ஒற்றைப் படிக்கட்டுக்கு உயர வரம்பு எதையும் விதிக்கவில்லை. 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டு தேவை என்று 2023 ஜூலையில் அரசு அறிவித்தது. 2026 செப்டம்பர் 30 இம்மாற்றம் நடைமுறைக்கு வரும் நாளாக அறிவிக்கப்பட்டது.

ஆதரவும் எதிர்ப்பும்

கனடாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1941 முதல் இரண்டு தளங்களுக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இரண்டு வெளியேறும் வழிகளைக் கேட்டு வந்தது. அந்நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2024இல் தன் விதியை மாற்றி, நிபந்தனைகளுடன் ஆறு தளங்கள் வரை ஒரு படிக்கட்டை அனுமதித்தது. வாஷிங்டன் மாநிலம் 2023இல் சியாட்டில் விதியை ஒத்த விதிகளை வகுக்கச் சட்டம் இயற்றியது. வேறு சில அமெரிக்க மாநிலங்களும் இவ்வழியில் செல்கின்றன. வீட்டுப் பற்றாக்குறையும் வாடகை உயர்வுமே இம்மாற்றத்தை உந்துகின்றன. சியாட்டிலைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மைக்கேல் எலியாசன் போன்றோர் ஐரோப்பிய அமைப்பைச் சுட்டிக்காட்டி இக்கருத்தைப் பரப்பினர்.

பியூ அறக்கட்டளை 2025இல் வெளியிட்ட ஆய்வு நியூயார்க், சியாட்டில் நகரங்களின் ஒற்றைப் படிக்கட்டு அடுக்ககங்களை ஆராய்ந்தது. நவீன விதிகளின்படி கட்டப்பட்ட நான்கு முதல் ஆறு தளக் கட்டடங்களில், இரண்டாவது படிக்கட்டு இல்லாததால் ஏற்பட்டது என்று சொல்லத்தக்க மரணம் எதுவும் இல்லை என்பது அதன் முடிவு.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் சங்கம் இம்மாற்றத்தை எதிர்க்கிறது. அவர்கள் கூறும் காரணம் எளிதில் தள்ளிவிடத்தக்கது அன்று. இரண்டு படிக்கட்டுகள் இருந்தால் ஒன்றில் வீரர்கள் நீர்க்குழாயுடன் மேலேறுவர். மற்றொன்றில் மக்கள் இறங்குவர். ஒன்றே இருந்தால் ஏறுவோரும் இறங்குவோரும் எதிரெதிரே மோதுவர். மேலும் நீர்க்குழாயைத் தீயுள்ள தளத்துக்குள் இழுத்துச் செல்லும்போது படிக்கட்டுக் கதவு மூட முடியாமல் திறந்தே நிற்கும். அவ்வழியே புகை படிக்கட்டுக்குள் வரும். தளத்துக்கு வீடுகள் குறைவாக இருக்க வேண்டும், வீரர்கள் வருமுன்பே தெளிப்பான் தீயைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனைகள் இந்த வாதத்துக்கான விடைகளே.

இனி, முன்னர்க் கூறிய முரணைப் பார்க்கலாம். அமெரிக்க நகரங்கள் மூன்று தளத்திலிருந்து ஆறுக்கு ஏறுகின்றன. இங்கிலாந்து வரம்பே இல்லாத நிலையிலிருந்து 18 மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறேழு தளங்களுக்கு இறங்கியிருக்கிறது. ஜெர்மனியின் ஏணி எல்லை எட்டுத் தளங்கள் அளவில் நிற்கிறது. வெவ்வேறு திசைகளிலிருந்து புறப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் சந்திக்கின்றனர். ஏணி எட்டும் உயரம், முதியவரும் படியிறங்கக்கூடிய உயரம், ஆட்கள் குறைவாக உள்ள தளம் ஆகியவையே ஒற்றைப் படிக்கட்டின் இயல்பான எல்லை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டு நகரங்களில் ஒற்றைப் படிக்கட்டு அடுக்ககம் ஒரு விவாதப் பொருளாகவே எழவில்லை. ஏனெனில் சிறிய அடுக்ககம் என்றாலே இங்கு அதுதான். சென்னையில் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே நான்கைந்து தளங்களும் கொண்ட கட்டடங்களைத் தெருவுக்குத் தெரு காணலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமானவற்றை உயர்மாடிக் கட்டடம் என வரையறுக்கிறது. கட்டட விதிகளை வகுப்பது மாநில அரசுகளின் பொறுப்பு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 இந்த எல்லையை 18.30 மீட்டர் என வைத்தது.

நம் கட்டடங்களுக்குச் சில இயல்பான நன்மைகள் உண்டு. சுவரும் தளமும் செங்கல், கான்கிரீட் ஆகியவற்றால் ஆனவை. அமெரிக்க வீடுகளைப் போல மரச்சட்டத்தால் ஆனவை அல்ல. பழைய அடுக்ககங்களில் படிக்கட்டின் வெளிச்சுவர் ஜாலி வேலைப்பாட்டுடன் திறந்திருக்கும். காற்றுக்காக வைத்த அந்தத் திறப்பு புகை வெளியேறவும் உதவும்.

ஆனால் சியாட்டில் கேட்ட ஈடுகளில் பல இங்கு இல்லை. சிறிய அடுக்ககங்களில் தெளிப்பான் அரிது. வீட்டுக் கதவில் தானாக மூடும் கருவி இருப்பதில்லை. ஈ.பி. மீட்டர் பலகைகள் பெரும்பாலும் படிக்கட்டின் அடியிலேயே இருக்கின்றன. அதன் அருகிலேயே இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. இப்போது மின் ஸ்கூட்டர்களுக்கு மின்னேற்றமும் அங்கேயே நடக்கிறது. தீ தோன்ற வாய்ப்புள்ள பொருள்கள் அனைத்தும் ஒரே வெளியேறும் வழியின் வாயிலில் கூடியிருக்கின்றன என்பதே இதன் பொருள்.

2022 செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில் ஒரு தங்கும் விடுதியின் கீழே மின் ஸ்கூட்டர்கள் வைத்திருந்த பகுதியில் பற்றிய தீயின் புகை படிக்கட்டு வழியே மேலேறியது; எட்டுப் பேர் இறந்தனர். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் மின்கசிவால் தீப்பிடித்தது. சுமார் 50 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டப்பட்டிருந்ததால் மேலே ஓடியவர்களுக்கு வழி கிடைக்கவில்லை என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. இரண்டு நிகழ்வுகளிலும் தீ தோன்றியது கீழே. இறந்தவர்களைக் கொன்றது மேலேறிய புகை.

இன்னொரு குறை நம் சன்னல்களில் இருக்கிறது. திருட்டுக்கு அஞ்சிச் சன்னலுக்கும் பால்கனிக்கும் இரும்புக் கிரில் அடித்து வெல்டிங் செய்துவிடுகிறோம். ஜெர்மனியில் ஏணி வந்து சேரும் அந்த "இரண்டாவது வழி" இங்கு நம் கையாலேயே அடைக்கப்படுகிறது.

வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் கவனிக்க வேண்டியவை

புதிதாகக் கட்டுவோர் செலவு மிகாமலே சிலவற்றைச் செய்ய முடியும். மீட்டர் பலகைகளைப் படிக்கட்டிலிருந்து விலக்கி, தனிச் சுவருக்கு அப்பால் வைக்கலாம். வண்டி நிறுத்துமிடத்துக்கும் படிக்கட்டுக்கும் இடையே முழுச் சுவரும் மூடிய கதவும் அமைத்தால், வண்டி எரிந்தாலும் புகை படிக்கட்டை அடைய நேரமாகும். படிக்கட்டைக் கட்டடத்தின் நடுவில் புதைக்காமல் வெளிச்சுவரை ஒட்டி வைத்து, மேற்பகுதியில் புகை வெளியேறத் திறப்பு விடலாம். படிக்கட்டை ஒட்டிய முகப்பில் அழகுக்காகப் பிளாஸ்டிக் உள்ளீடு கொண்ட தகடுகளைப் பொருத்துவதைத் தவிர்க்கலாம். வீட்டு வாசலுக்குத் திண்மையான கதவும் தானாக மூடும் கருவியும் வைக்கலாம்.

ஏற்கெனவே கட்டிய அடுக்ககத்தில் குடியிருப்போர் செய்யக்கூடியவையும் உண்டு.

- படியிலும் திருப்பத் தளத்திலும் செருப்பு அலமாரி, மிதிவண்டி, பழைய மரச்சாமான், அட்டைப்பெட்டி எதுவும் வைக்கக் கூடாது. அவை வழியை அடைப்பதுடன் எரிபொருளாகவும் ஆகின்றன.
- மின் ஸ்கூட்டருக்கான மின்னேற்றப் புள்ளியைப் படிக்கட்டிலிருந்து இயன்ற அளவு தொலைவில் அமைக்க வேண்டும்.
- மொட்டைமாடிக் கதவும் கீழ்வாசல் கிரில் கதவும் உள்ளிருந்து சாவியின்றித் திறக்கக்கூடிய தாழ்ப்பாளுடன் இருக்க வேண்டும்.
- ஒவ்வொரு வீட்டிலும் தெருவைப் பார்த்த ஒரு சன்னல் கிரில்லாவது திறக்கும்படி இருக்க வேண்டும். அதன் சாவி வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும்.
- தீப்பிடித்த வீட்டிலிருந்து வெளியேறுபவர் கதவை இழுத்து மூடிவிட்டு வர வேண்டும். அது அண்டை வீட்டாரின் படிக்கட்டைக் காக்கும் செயல்.
- படிக்கட்டில் புகை சூழ்ந்திருந்தால் அதற்குள் இறங்கக் கூடாது. லிஃப்டையும் பயன்படுத்தக் கூடாது. வாசல் கதவை மூடி, அதன் அடியிலுள்ள இடைவெளியை ஈரத்துணியால் அடைத்து, தெருப்பக்கச் சன்னலுக்கோ பால்கனிக்கோ சென்று, 101 அல்லது 112 என்ற எண்ணை அழைத்துத் தளத்தையும் வீட்டு எண்ணையும் தெளிவாகக் கூற வேண்டும்.

அடுக்ககச் சங்கக் கூட்டங்களில் தண்ணீர் லாரி, வண்டி நிறுத்தம், பராமரிப்புத் தொகை ஆகியவை பேசப்படும் அளவுக்குப் படிக்கட்டு பேசப்படுவதில்லை. அதைச் சங்கத்தின் பொதுச்சொத்து என்றே பலரும் எண்ணுகின்றனர். இரண்டாவது வழி இல்லாத கட்டடத்தில் அதுவே ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே செல்லும் கதவு. அதில் வைக்கப்படும் ஒரு பழைய மெத்தை, வைத்தவரின் வழியை மட்டுமன்றி அவருக்கு மேல் குடியிருக்கும் அனைவரின் வழியையும் அடைக்கிறது.